சூரியனுக்கு அந்தப் பக்கம்

"மிஸ், கலிஸ்டோவுல மழை பெய்யுமா?"

கேட்டவள் கனியமுது. பி.காம். முதலாண்டு மாணவி. எந்தக் கேள்வியையும் எழுந்து நின்று கேட்காமல் பெஞ்சில் சாய்ந்தபடியே கேட்பவள். அவள் கேட்டது வகுப்பில் நின்றுகொண்டிருந்த லிகோரி சாரை அல்ல, அவருக்குப் பின்னால் சுவரை நிறைத்திருந்த திரையில் தெரிந்த அவர் மனைவியை.

"மழையா?" திரையில் டெல்பின் சிரித்தாள். "காத்துன்னு சொல்லிக்கிற மாதிரி காத்தே இல்லாத ஊரு இது. மேகம் எங்கட்டி வரும்? தரையெல்லாம் பனிக்கட்டி, பாறை மாதிரி இறுகிக் கிடக்கும். ஒரு துண்டை உடைச்சு வாயில போட்டுப் பாரு. பல்லு போனா நான் பொறுப்பில்ல."

வகுப்பு சிரித்தது. லிகோரியும் சிரித்தார்.

உடன்குடிக்குத் தெற்கே, கடற்கரைச் சாலையில் இருந்த அந்தக் கலைக்கல்லூரியில் 'சூரியக் குடும்பம் – ஓர் அறிமுகம்' என்ற பாடத்தை எல்லாத் துறைப் பிள்ளைகளும் முதலாண்டில் ஒரு பருவம் படித்தாக வேண்டும். குலசேகரப்பட்டினத்து ஏவுதளம் பெரிதாகி, ஊரில் பாதி வீடுகளிலிருந்து ஆட்கள் அங்கே வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு வந்த ஏற்பாடு அது. மற்ற வகுப்புகளிலிருந்து நழுவுகிறவர்கள்கூட இந்த வகுப்புக்குத் தவறாமல் வந்துவிடுவார்கள். அதற்குக் காரணம் தாம் அல்ல என்பது லிகோரிக்கு நன்றாகத் தெரியும். காரணம் டெல்பின் மிஸ்தான். வியாழனின் நிலா ஒன்றில் நின்றுகொண்டு பாடம் நடத்தும் ஆசிரியை வேறு எந்தக் கல்லூரிக்குக் கிடைப்பாள்?

உண்மையில், பாடம் நடத்தியது டெல்பின் அல்ல.

டெல்பின் நிலவியல் படித்தவள். கலிஸ்டோவின் பனித்தரையைத் துளைத்து ஆராயும் நிலையத்துக்குப் போய் நாலாவது வருஷம் நடந்துகொண்டிருந்தது. அங்கிருந்து ஒரு சொல் பூமிக்கு வந்துசேர முக்கால் மணி நேரம் ஆகும், சில மாதங்களில் அதற்கும் மேல். ஒளியைவிட வேகமாக ஓட ரேடியோவுக்கும் தெரியாது. "சாப்டியளா?" என்று அவள் கேட்டு, "சாப்டேன்" என்று இவர் சொல்லி, அது அவள் காதில் விழும்போது அடுத்த வேளைக்கே பசி எடுக்கத் தொடங்கியிருக்கும். முதலில் போனவர்களின் குடும்பங்கள் பல இந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் உடைந்தன. நிலையத்தை நடத்திய பன்னாட்டுக் கூட்டமைப்பு அதற்கு ஒரு மருந்து கண்டுபிடித்தது. அதற்குப் பெயர் சாயல்.

போகிறவர் பேசியது, அனுப்பியது, சிரித்தது எல்லாவற்றையும் படித்து, அவர் என்ன சொல்வாரோ அதை அவர் குரலிலேயே, அவர் முகத்தோடு உடனே சொல்லும் ஒரு கணினி உரு. டெல்பினின் சாயல் பூமியில் இருந்தது. லிகோரியின் சாயல் கலிஸ்டோவில் இருந்தது. வகுப்பில் ஒரு கேள்வி எழுந்தால் சாயல் உடனே பதில் சொல்லும். அதே கேள்வி கலிஸ்டோவுக்கும் போகும். அசல் டெல்பினின் பதில் பிறகு வந்து சேரும். இரண்டையும் ஒப்பிட்டுச் சாயல் தன்னைத் திருத்திக்கொள்ளும். திருத்த அநேகமாக ஒன்றும் இருக்காது. அவ்வளவு துல்லியம்.

அசல் பதில் வரும்போது பிள்ளைகள் வீட்டுக்குப் போயிருப்பார்கள். லிகோரி மட்டும் காலி வகுப்பில் உட்கார்ந்து அதைக் கேட்பார்.

அன்றும் கேட்டார். திரையில் அசல் டெல்பின், கலைந்த தலையோடு, எதையோ மென்றுகொண்டே வந்தாள். "யாரு, கனியா? மழையான்னு கேட்டியா..." என்றாள். பிறகு பேசவில்லை. மெல்லுவதையும் நிறுத்திவிட்டுப் பக்கவாட்டில் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு ஒரு நிமிஷம் ஒண்ணும் ஓடல பாத்துக்கோ. சரி, பாடத்துக்கு வாரேன். மழை கிடையாது. காத்து கிடையாது..."

சாயல் சொன்ன அதே பதில். ஆனால் அந்த ஒரு நிமிஷ மௌனம் சாயலிடம் இல்லை. லிகோரி அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, தம் வழக்கமான சேதியை அனுப்பினார். "நல்லா நடத்துன டெல்பின். நான் நல்லாத்தான் இருக்கேன். வீடும் நல்லா இருக்கு. நீ உடம்பைப் பாத்துக்கோ."

நாலு வருஷமாக அவர் அனுப்பிய எல்லாச் சேதிகளும் இப்படித்தான் முடிந்தன. ஆனால் வீடு நல்லா இல்லை, அவரும் நல்லா இல்லை. இரண்டு அறைகளைப் பூட்டியே வைத்திருந்தார். மூன்று வேளையும் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்த கடைச் சாப்பாடு. போன வருஷம் வலது முட்டியில் ஆபரேஷன் செய்து பத்து நாள் படுத்துக் கிடந்தார். அவளிடம் சளி என்று சொல்லிவிட்டார். அவ்வளவு தூரத்தில் இருப்பவளிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? அவள் அங்கே உட்கார்ந்து அழுவாள். அந்த அழுகை இங்கே வந்துசேர முக்கால் மணி நேரம் ஆகும். அதைத் துடைக்க இவர் சொல்லும் சொல் போய்ச்சேர இன்னொரு முக்கால் மணி நேரம். அதற்குச் சொல்லாமல் இருப்பதே மேல் என்று நினைத்தார்.

இந்த வருஷம் எல்லாம் முடிந்துவிடும். கலிஸ்டோவிலிருந்து திரும்பும் கப்பல் புறப்படப்போகிறது. அதில் அவள் ஏறிவிட்டால் போதும். வீடு வந்துசேர ஒன்றரை வருஷம் ஆனாலும் அவள் ஒவ்வொரு நாளும் கிட்டே வந்துகொண்டிருப்பாள்.

ஆனால் கப்பல் புறப்படும் சமயம் பார்த்து, சூரியன் குறுக்கே வந்தது.

அதை லிகோரி பாடமாகவே நடத்தினார். வரலாற்றுத் துறை இசக்கிதுரையை வகுப்பின் நடுவில் நிறுத்தினார். நல்ல பருமனான பையன். "நீதான் சூரியன்" என்றார். கனியமுதைக் கதவோரம் நிறுத்தினார். அவள் பூமி. எதிர்ச் சுவரோரம் இன்னொரு பையனை நிறுத்தினார். அவன் வியாழன்.

"கனி, வியாழன் தெரியுதா?"

"எங்க சார் தெரியும்? இவன் முதுகுதான் தெரியுது."

"அதேதான். இப்போ வியாழன் சூரியனுக்கு அந்தப் பக்கம் போயிட்டு. நம்ம இந்தப் பக்கம். ரெண்டு பேருக்கும் நடுவுல இவன்."

"ரேடியோ அலை இவனைச் சுத்திப் போகாதா சார்?"

"சூரியன் சும்மா நிக்கிற ஆளு இல்ல. அவனும் ரேடியோ அலையைக் கொட்டிக்கிட்டே இருக்கான். அந்த இரைச்சல்ல மிஸ் பேசுற மெல்லிசான குரல் காணாமப் போயிரும். ரெண்டு வாரத்துக்கு மேல இங்கிருந்தும் ஒண்ணும் போகாது, அங்கிருந்தும் ஒண்ணும் வராது."

"குடும்பம்னு பேர் வச்சது சரியாத்தான் இருக்கு சார்" என்றான் இசக்கிதுரை. "புருஷன் பொண்டாட்டி பேசும்போது பெரியவர் ஒருத்தர் நடுவுல வந்து உக்காந்துக்கிடுதாரு."

வகுப்பு கலகலத்தது. திரையிலிருந்த சாயலும் சேர்ந்து சிரித்தது. "கவலைப்படாதிய பிள்ளையளா, நான் இங்கதான இருக்கேன்" என்றது.

சொன்னபடியே இருந்தது. அந்த வாரங்களில் சாயல் இதுவரை இல்லாத அளவுக்குப் பேசியது. அசல் சேதி வந்து திருத்தாததால் அது தன் போக்கில் பேசிக்கொண்டே போனது. "மிஸ், ஊருக்கு வந்ததும் முதல்ல என்ன செய்வீங்க?" என்று கனியமுது கேட்டாள். "நேரா உங்க வகுப்புக்குத்தான் வருவேன். பெறகு மணப்பாட்டுக் கடற்கரைக்குப் போயி, செருப்பைக் கழட்டிட்டு அலையில நிப்பேன். உங்க சார் வேண்டாம்பாரு. நான் கேக்க மாட்டேன்" என்றது சாயல். பிள்ளைகள் மேஜையைத் தட்டினார்கள். அன்றைக்கே வரவேற்புக்கு ஒரு குழு அமைத்தார்கள். அப்போது தாங்கள் மூன்றாம் ஆண்டில் இருப்போம் என்று கணக்குப் போட்டு, யார் பேசுவது, யார் பாடுவது என்று சண்டையும் போட்டுக்கொண்டார்கள்.

லிகோரிக்கு மனம் நிறைந்து போயிற்று. பூட்டிய அறைகளைத் திறந்தார். ஆள் வைத்துச் சுத்தம் செய்தார். மாலையில் சாப்பிடும்போது எதிரே சாயலைப் போட்டு வைத்துக்கொண்டு, சுவருக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று அதனிடமே கேட்டார். "மஞ்சள் வேண்டாங்க, கண்ணைக் குத்தும்" என்றது அது. டெல்பினும் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

சூரியன் விலகிய அன்று வகுப்பு நிரம்பி வழிந்தது. முதல் அசல் சேதியை நாங்களும் கேட்போம் என்று பிள்ளைகள் பிடிவாதமாகச் சொல்லிவிட்டார்கள். லிகோரி மறுக்கவில்லை. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

திரையில் புள்ளிகள் நெளிந்து, டெல்பினின் முகம் தெளிந்தது. இளைத்திருந்தாள்.

"ஏங்க, கேக்குதா? சூரியன் ஒருவழியா வழிவிட்டுட்டாரு போல. பிள்ளையளா, நல்லா இருக்கியளா?" சற்று நிறுத்தினாள். "ஒரு சேதி. நீங்க சொன்னபடியே செஞ்சுட்டேங்க. இந்தக் கப்பல்ல நான் வரல. இன்னும் நாலு வருஷம் இங்கயே இருக்கேன்னு சொல்லிட்டேன். நீங்க அவ்வளவு தெளிவாச் சொன்ன பெறகு எனக்கும் தைரியம் வந்துட்டு. மத்ததைப் பெறகு பேசுதேன்."

திரை வெறுமையானது.

லிகோரி திரையைப் பார்த்தபடியே நின்றார். பிள்ளைகள் அவர் முதுகைப் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து, இன்னும் திருத்தப்படாத சாயல் திரையில் வந்து குதித்தது. "வணக்கம் பிள்ளையளா! வரவேற்புக்கு மாலை கீலை எல்லாம் வேண்டாம், என்ன?"

கனியமுது எழுந்து போய்த் திரையின் மின்சாரத்தை நிறுத்தினாள்.

"சரி, பாடத்தைப் பாப்போம்" என்றார் லிகோரி. "செவ்வாய்..." என்று தொடங்கினார். "சார், நீங்க வீட்டுக்குப் போங்க சார்" என்றான் இசக்கிதுரை. எப்போதும் கேலி பேசும் அவன் குரல் இறங்கிப் போயிருந்தது.

லிகோரி வீட்டுக்குப் போகவில்லை. ஏவுதள வாசலை ஒட்டியிருந்த தொடர்பு நிலையத்துக்குப் போனார். சாயல்களைப் பராமரிக்கும் பொறுப்பு அங்கே பானு என்ற பொறியாளரிடம் இருந்தது. காயல்பட்டினத்துப் பெண், முப்பது வயதிருக்கும். அவர் முகத்தைப் பார்த்ததுமே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"நான் அவகிட்ட இருன்னு சொல்லவே இல்லம்மா. ரெண்டு வாரமா நான் பேசினதே அங்க போகலையே."

"நீங்க சொல்லல சார். உங்க சாயல் சொல்லியிருக்கு. நிலையத்துல யாரும் வருஷத்தைக் கூட்டணும்னா வீட்டுக்காரர் சம்மதம் வேணும். சூரியன் மறைச்சிருக்கிற நாள்ல சாயல் சொல்லுற சம்மதத்தைத் தற்காலிகமா ஏத்துக்கிடுவாங்க. அது உங்க சாயல், அதனால அது பேசினதைக் கேக்குற உரிமை உங்களுக்கு இருக்கு. கேக்குறியளா?"

அவர் தலையாட்டினார். பானு அதை ஓடவிட்டாள்.

"ஏங்க, இங்க இன்னும் நாலு வருஷம் இருக்கச் சொல்லுதாங்க. நான் என்ன செய்யட்டும்?" டெல்பினின் குரல்.

"இருந்துட்டு வா டெல்பின்." இப்போது பேசியது அவருடைய குரல். நிதானமான, கொஞ்சம் சிரிப்பு கலந்த குரல். "என்னைப் பத்தி யோசிக்காத. நான் நல்லாத்தான் இருக்கேன். வீடும் நல்லா இருக்கு. நீ உடம்பைப் பாத்துக்கோ."

லிகோரிக்கு அந்தக் குரலின் மேல் முதலில் கோபம் வந்தது. ஆனால் அதில் அவர் சொல்லாத சொல் ஒன்றுகூட இல்லை.

"இது தப்பாச் சொல்லிட்டும்மா" என்றார்.

"தப்பு இல்ல சார்." பானு தயங்கினாள். "நீங்க அனுப்பின எல்லாத்தையும் படிச்சுத்தான் அது இப்படி ஆகியிருக்கு. நாலு வருஷத்துல ஒருநாளாவது 'கஷ்டமா இருக்கு, வா'ன்னு சொல்லியிருக்கியளா? சொல்லியிருந்தா அதுக்கும் தெரிஞ்சிருக்கும். இங்க இருக்கிற எல்லாச் சாயலும் இப்படித்தான் சார், ரொம்ப நல்லவங்களா இருக்கும். வீட்டுக்கு அனுப்புற சேதியில யாரு அழுவா?"

அவர் வலது முட்டியைத் தடவிக்கொண்டார்.

"ஒரு வழி இருக்கு" என்றாள் பானு. "கப்பல் புறப்பட இன்னும் நாலு நாள் இருக்கு. அசல் ஆளு நீங்க ஆட்சேபம் சொன்னா, அவங்க நீட்டிச்சது ரத்தாயிரும். அவங்களை இந்தக் கப்பல்லயே ஏத்திருவாங்க. ஒரு வார்த்தை போதும்." பிறகு மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "இன்னொண்ணும் சொல்லணும். அவங்க அவசரப்பட வேண்டிய தேவையே இல்ல. சூரியன் விலகுற வரைக்கும் காத்திருந்து உங்ககிட்டயே கேட்டிருக்கலாம். ஏன் காத்திருக்கலைன்னு எனக்குப் புரியல."

ஒரு வார்த்தை. கப்பலில் அவள் இடம் இன்னும் காலியாகத்தான் இருந்தது. கடைசியில், "நான் அவகிட்ட முதல்ல பேசணும்" என்றார். பானு ஒலிவாங்கியை அவர் பக்கம் நகர்த்திவிட்டு, வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.

"டெல்பின், நான்தான். அசல்."

அதற்கு மேல் எப்படிப் போவது என்று தெரியவில்லை. இத்தனை வருஷமும் பழகிய சொற்கள் வாயருகே வந்து நின்றன. அவற்றைத் தள்ளிவிட்டார்.

"நான் உன்னை இருன்னு சொல்லல. சொன்னது அது. ஆனா அதுக்குச் சொல்லிக்குடுத்தது நான்தான். நான் நல்லா இல்ல டெல்பின். போன வருஷம் சளின்னு சொன்னேன்ல, அது சளி இல்ல, முட்டியில ஆபரேஷன். இப்பவும் நொண்டித்தான் நடக்கேன். சமைக்கேன்னு சொன்னது பொய். மாடியில உன் செடி ஒண்ணுகூட இல்ல, எல்லாம் காஞ்சு போச்சு. பூத்திருக்குன்னு அனுப்பினேனே ஒரு படம், அது பக்கத்து வீட்டு மாடி. உன் சாயலை எதிர்ல வச்சுக்கிட்டுத்தான் சாப்பிடுதேன். அது உன்னை மாதிரியேதான் பேசுது. ஆனா அதுகிட்டயும் நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லியிருக்கேன் பாரு. ஒரு மெஷின்கிட்ட போயி."

சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு சரியாக வரவில்லை.

"இப்போ நான் ஒரு வார்த்தை சொன்னா உன்னைக் கப்பல்ல ஏத்திருவாங்களாம். சொல்லட்டா? நீயே சொல்லு."

வியாழன் அப்போது மிகவும் தூரத்தில் இருந்தது. போய்த் திரும்பக் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். பானு டீ வாங்கி வந்து வைத்தாள். அது ஆறி, மேலே ஆடை படிந்தது. இதைத் தம் சாயலிடம் விட்டிருந்தால் அது இந்நேரம் டெல்பினிடம் என்ன பேசிக்கொண்டிருக்கும் என்று அவருக்கு ஒரு நினைப்பு ஓடியது. இந்த இரண்டு மணி நேரத்துக்குள் அது ஒரு குடும்பமே நடத்தி முடித்திருக்கும்.

பதில் வந்தது. டெல்பினின் கண்கள் வீங்கியிருந்தன. ஆனால் குரல் தெளிவாக இருந்தது.

"ஏங்க, அது நீங்க இல்லைன்னு எனக்குத் தெரியும்."

லிகோரி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சூரியன் குறுக்க நிக்கும்போது நீங்க எப்படிப் பேசுவிய? அதைப் பாடமா நடத்துறவ நான். தெரிஞ்சுதான் அதுகிட்டப் போயிக் கேட்டேன். உங்ககிட்டக் கேட்டாலும் நீங்க இருன்னுதான் சொல்லுவிய. ஆனா சொல்லும்போது உங்க குரல் இறங்கும். எனக்குத் தெரியாதா உங்களை? அதைக் கேட்டா நான் பெட்டியைத் தூக்கிட்டுக் கப்பலுக்கு ஓடி வந்துருவேன். அதுக்குக் குரல் இறங்காது. அதனாலதான் அதுகிட்டக் கேட்டேன். செஞ்சது தப்புதான். இன்னைக்கு வகுப்புல நீங்க சொன்னபடின்னு சொன்னதும் தப்பு. ஒரு பொய்யைச் சொல்லிட்டு அதைத் திருத்தத் தைரியம் வரல."

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் இருக்கணும்னு ஆசைப்பட்டேங்க. அதான் உண்மை. நாங்க துளைச்சுக்கிட்டு இருக்கிற பனி இருக்கே, பூமியில முதல் உயிர் உண்டாகுறதுக்கும் முந்தி உறைஞ்சது. போன மாசம் அதுக்குள்ள மெலிசா ஒரு பழுப்புப் படலம் வந்துது. யாருக்கும் அது என்னன்னு தெரியல. துளை இன்னும் கீழ போனாத்தான் தெரியும். அது தெரியாம நான் வந்தா, உங்க பக்கத்துல உக்காந்துக்கிட்டு அதையே நினைச்சுக்கிட்டு இருப்பேன். நீங்க அதைக் கண்டுபிடிச்சிருவிய. ரெண்டு பேருக்கும் நிம்மதி இருக்காது. ஆனாலும் ரத்து பண்ணச் சொல்லணும்னு தோணுச்சுன்னா சொல்லுங்க. நான் வருத்தப்பட மாட்டேன். இல்ல, வருத்தப்படுவேன், ஆனா வந்துருவேன். நீங்க சொல்லணும். அது சொல்லக் கூடாது."

எழுந்து போவதற்காகத் திரும்பியவள் மறுபடி கேமராவுக்குக் கிட்டே வந்தாள்.

"முட்டி விஷயத்துக்கு நான் தனியா வாரேன்."

லிகோரி எழுந்து ஜன்னலுக்குப் போனார். வெளியே ஏவுதளத்துக் கம்பி வேலிக்கு அப்பால் கடல் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. பிறகு திரும்பி வந்து ஒலிவாங்கியின் முன் உட்கார்ந்தார்.

"இரு டெல்பின்" என்றார். குரல் இறங்கியது. உடைந்தும் போயிற்று. அவர் அதை அழித்துவிட்டு மறுபடி பதியவில்லை. "குரல் எப்படி இருக்குன்னு கேட்டியா? கேட்டுக்கோ. கேட்டுட்டும் இரு. அந்தப் படலம் என்னன்னு பாத்துட்டு வா."

அனுப்பிவிட்டுப் பானுவிடம், "ரெண்டு சாயலையும் நிறுத்திரும்மா" என்றார்.

"நிறுத்தினா ஒவ்வொரு பேச்சுக்கும் இப்படிக் காத்துக் கிடக்கணும் சார்."

"கிடக்கேன்."

அடுத்த வகுப்புக்கு முன்பே விஷயம் கல்லூரி முழுக்கப் பரவியிருந்தது. லிகோரி மறைக்கவில்லை. நடந்ததை நடந்தபடியே பிள்ளைகளுக்குச் சொன்னார், முட்டியிலிருந்து தொடங்கி. இனி கேட்கும் கேள்விக்கு உடனே பதில் வராது என்றும், வகுப்பு முடிவதற்குள் எந்தப் பதிலும் வராது என்றும் சொன்னார். பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள் என்று எதிர்பார்த்தார். அதனாலும் குறைவில்லை, மீதிப் பேருக்கு நடத்தலாம் என்று மனத்தைத் தேற்றி வைத்திருந்தார்.

கேள்வி கேட்பதற்காகக் கனியமுது முதன்முறையாக எழுந்து நின்றாள். திரைக்கு முன்னால் வந்து, பதியும் விளக்கு எரிவதைப் பார்த்துக்கொண்டு, தொண்டையைச் சரிசெய்துகொண்டாள்.

"மிஸ், நான் கனியமுது. அசல் மிஸ்கிட்ட முதல் தடவையாப் பேசுதேன். எனக்கு ரெண்டு கேள்வி. அங்கிருந்து பாத்தா வியாழன் எவ்வளவு பெருசாத் தெரியும்? ரெண்டாவது, சார் மேல உங்களுக்குக் கோவமா?"

"ரெண்டாவது பாடத்திட்டத்துல இல்ல" என்றார் லிகோரி. அதற்குள் அது போய்விட்டது.

வழக்கமான நேரத்துக்கு மணி அடித்தது. யாரும் எழவில்லை. வெளியே கல்லூரிப் பஸ் ஒலியெழுப்பிப் பார்த்துவிட்டுக் கிளம்பிப் போனது. "போங்கல, வீட்ல தேடுவாங்க" என்றார். "நாங்க லைன் பஸ்ல போயிக்கிடுதோம் சார், நீங்க நடத்துங்க" என்றார்கள். அவர் செவ்வாயை முடித்தார். சிறுகோள்களைத் தொட்டார். கேள்விகள் இப்போது அவரிடமே வந்தன. சிலவற்றுக்குப் பதில் தெரியாமல் விழித்தார். பிள்ளைகளே தங்களுக்குள் மல்லுக்கட்டினார்கள். ஒருத்தி டப்பாவைத் திறந்து முறுக்கை வரிசைக்கு நாலாக அனுப்பினாள். இசக்கிதுரை ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து சார் அருகில் போட்டு, "முட்டி சார்" என்றான்.

திரை உயிர் பெற்றபோது எல்லாரும் ஒரே சமயத்தில் பேச்சை நிறுத்தினார்கள்.

"கனி," என்றாள் டெல்பின், "நம்ம நிலாவை எட்டு வரிசையா ஒட்டி வச்சா எவ்வளவு அகலமோ, அவ்வளவு பெருசு வியாழன். அது உதிக்காது, மறையாது. வானத்துல அதே இடத்துலதான் எப்பவும் நிக்கும். மொதல் கேள்வி முடிஞ்சுட்டா? இப்போ ரெண்டாவது. பிள்ளையளா, கொஞ்சம் காதைப் பொத்திக்கோங்க. இல்ல, பொத்த வேண்டாம், நல்லாக் கேளுங்க, நீங்கதான் சாட்சி."

அவள் முழங்கையை மேஜையில் ஊன்றி முன்னால் வந்தாள். முகம் திரையை நிறைத்தது.

"ஏங்க! முட்டியை அறுத்துட்டு வந்து சளிங்கியளா? சளிக்கு யாராவது பத்து நாள் காலைத் தூக்கித் தலையணை மேல வைப்பாங்களா? உங்களுக்குப் பின்னால தலையணையைப் பாத்துட்டு நான் கேட்டதுக்கு என்ன சொன்னிய, உறை தைக்கக் குடுக்கப் போறேன்னு சொல்லல? அடுத்த வீட்டுப் பூவைக் காட்டி என்னை ஏமாத்தினியளே, அந்தப் பூவுக்காக நான் இங்க எல்லாருக்கும் பாயசம் வச்சுக் குடுத்தேன், தெரியுமா உங்களுக்கு? இனிமே வாரம் ஒரு நாள், இந்தப் பிள்ளைங்க முன்னாடி, நடந்து காட்டணும். வாசல்ல இருந்து கரும்பலகை வரைக்கும். நொண்டினா எத்தனை தடவை நொண்டினியன்னு கனி எனக்குச் சொல்லுவா..."

அது நிற்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி தொடங்கியது. நாலு வருஷமாக அவள் ஒரு தடவைகூட அவரைத் திட்டியதில்லை. அதனால் அவள் சாயலுக்கும் திட்டத் தெரிந்திருக்கவில்லை. பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். லிகோரி நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு சொல் விடாமல் கேட்டார். கண்ணில் நீர் முட்டியது. கூடவே உள்ளுக்குள் சுறுசுறுவென்று ஏதோ கிளம்பியது. அது கோபம் என்று உணர அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பெரிய நியாயஸ்தி மாதிரி பேசுகிறாளே! சாயலிடம் போய்ச் சம்மதம் வாங்கியது யாராம்?

அவள் முகம் மறைந்ததும் அவர் நாற்காலியைத் திரைக்கு முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். சட்டைக் கையை மடித்துவிட்டார். பதியும் விளக்கு எரிந்தது.

"ஏட்டி டெல்பின்," என்றார், முகமெல்லாம் மலர்ந்துபோய், "நீ பேசி முடிச்சிட்ட. இப்போ நான் சொல்லுறதை முழுசாக் கேளு..."